மருமகன், முதல்ல குதிக்காலைப் பாருங்க

ஃபோனைத் தள்ளித் தள்ளி நீங்க காட்டின பொம்மைப் படமெல்லாம் பாத்தன், மருமகன். வடிவாத்தான் இரிக்கு. "முகச்சாயல் அச்சொட்டு மாமா, நாளைக்குக் காசு கட்டப் போறன்" எண்டு வேற சொன்னீங்க. அதிலதான் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். ஸ்டார் வோர்ஸ் படத்தில வாற இந்த போபா பெட் எண்ட ஆளுக்கு முகம் எங்க? உச்சியில இருந்து கழுத்து மட்டும் தலைக்கவசம், கண் இருக்க வேண்டிய இடத்தில கறுப்பா ஒரு பிளவு. 1980இல வந்த படத்திலயும் 1983இல வந்த படத்திலயும் மனுசன் அதைக் கழட்டினதே இல்ல. அந்த ரெண்டு படத்திலயும் முகமே காட்டாத ஆளுக்கு முகச்சாயல் பொருந்தியிரிக்கு எண்டு சொல்ல, உங்களைப் போலப் பட்டம் எடுத்த ஆளாலதான் ஏலும்.

கோபிக்காதீங்க. கல்யாணத்துக்கு எண்டு உங்கட அம்மா காட்டின பொண்ணுப் படத்தை ரெண்டு நிமிசம் பாக்காத நீங்க, ஆறு அங்குல ஆளைக் கிழமைக் கணக்காப் பாக்கிறீங்க எண்டா அதில ஏதோ சங்கதி இரிக்கத்தான் செய்யும். இரிக்கட்டும். பாக்கிறதை ஒழுங்காப் பாருங்க எண்டுதான் சொல்லுறன்.

மாமாவுக்கு விண்வெளி தெரியாது, ஓம். ஆனா விண்வெளிக் கதைக்கே ராசா எண்டு சொல்லுற ஆர்தர் சி. கிளார்க் 1956இல இலங்கைக்கு வந்து குடியிருந்தவர். வந்த வருசமே திருகோணமலைக் கடலுக்குள்ள முக்குளிச்சு அவர் கண்டது கோணேசர் கோயில் இடிபாட்டைத்தான். மேல பாத்துக் கதை எழுதின மனுசனுக்கும் கீழ கிடந்த கல்லில ஒரு கண் இருந்திரிக்கு. நமக்கும் அந்தக் கண்தான் சொத்து. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு, நடுவில இந்த மணல் துண்டு. இதுக்குள்ள எத்தினை கோயில், எத்தினை விக்கிரகம், எத்தினை வாகனம்! அம்மனுக்குச் சாத்துப்படி முடிச்சுத் திரையை விலக்கினா, "மூக்குத்தி ஒரு நெல்லு இடம் எறங்கிட்டுகா" எண்டு சொல்ல வாசல்ல ரெண்டு கிழவிமார் நிப்பாங்க. நம்மட பெரியகல்லாத்தில குறை கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடம் போகத் தேவையில்ல.

சரி, விசயத்துக்கு வாறன். முதல்ல குதிக்காலைப் பாருங்க. தலை, மார்க்கவசம், கையில துவக்கு, இதெல்லாம் கம்பனிக்காரன் பெட்டிக் கண்ணாடிக்கு நேர வைக்கிற சாமான். அங்க அவன் பிழை விடமாட்டான். உள்ளங்கால், முழங்காலுக்குப் பின்பக்கம், போர்வைக்கு உள்பக்கம், இடுப்புப் பட்டி முதுகைச் சுத்திப் போற இடம், இங்கதான் சிற்பிக்கு மனசு இருந்திச்சா, இல்லாட்டி நேரம் முடிஞ்சிச்சா எண்டு தெரியும். முன்னுக்குப் பை, கொக்கி, தையல் எண்டு வந்த பட்டி முதுகுக்குப் போனதும் மொட்டையாப் போகுதெண்டா, அந்த ஆளைச் செய்தவன் உங்களை முன்னுக்கு மட்டும் பாக்கிற ஆள் எண்டு மதிச்சு வைச்சிரிக்கான். நீங்க காட்டின படத்தைப் பாத்தா அவன் மதிப்பு சரிதான்.

நிக்கிற நிலையையும் காலிலதான் பாக்க வேணும். போபா பெட்டுக்கு முதுகில ரொக்கட் மூட்டை. உயிருள்ள ஆள் அப்பிடி ஒரு சுமையைத் தூக்கினா இடுப்பு ஒரு இம்மி முன்னுக்கு வரும், ஒரு கால் பாரத்தை வாங்கும், மற்றக் கால் சும்மா நிக்கும். அந்தப் பாரம் உடம்பில செதுக்கி இரிக்கா? இல்லாட்டி விறைப்பா நிக்கிற உடம்பில சுமையைக் கொண்டுவந்து சொருகி விட்டிரிக்கா? சொருகினதெண்டா கச்சான் காத்து அடிக்க முந்தியே மல்லாக்க விழும்.

கரண்ட் போற நேரம் பாத்து இன்னொரு சோதனையும் செய்யலாம். விளக்குக்கு முன்னால வைச்சு, சுவரில விழுற நிழலைப் பாருங்க. நிறம் போயிடும், கீறல் போயிடும், விலையும் போயிடும். மிச்சம் நிக்கிறது உருவம் மட்டும். நிழலை வைச்சு ஆளைச் சொல்ல ஏலுமெண்டா சிற்பி வெண்டான். நம்மட கூத்தில வீமன் பாட்டெடுக்க முந்தியே, வரவு ஆட்டத்தில விழுற காலை வைச்சு "வீமன் வந்திட்டான்" எண்டு கடைசி வரிசையில தூங்கி விழுந்த ஆச்சி சொல்லுவா. ஆச்சிக்கு அப்ப கிரீடமும் தெரியாது, முகமும் தெரியாது.

கூத்து எண்டதும் ஒண்டு ஞாபகம் வருது. நம்மட வட்டக்களரியைச் சுத்திச் சனம். ஆடுறவனுக்கு முதுகு எண்டு ஒண்டு இல்ல, எந்தப் பக்கமும் முன்பக்கம்தான். 1960களில பேராதனைப் பல்கலைக்கழகத்தில பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டு போனார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் அப்பிடி வந்தது. மட்டக்களப்பில பிறந்த மௌனகுருதான் 'இராவணேசன்'ல இராவணன். விடிய விடிய ஆடினதைச் சுருக்கி எடுத்து, ஒரு பக்கம் மட்டும் பாக்கிற சனத்துக்கு ஏத்த மாதிரித் திருப்பினாங்க. அது பெரிய வேலை, குறை சொல்லல்ல. ஆனா பெட்டிக்குள்ள நிக்கிற உங்கட ஆள் படச்சட்ட மேடையில நிக்கிறான். கையில எடுத்துச் சுத்தினாத்தான் வட்டக்களரி. நீங்க பெட்டியையே உடைக்க மாட்டன் எண்டு சொல்லுற ஆள். களுவாஞ்சிக்குடிச் சந்தையில நண்டை வயிறு அமத்திப் பாக்காம வாங்குவீங்களா?

இனி அளவு. நம்மட ஸ்தபதிமாருக்கு முகம்தான் அளவுகோல். நெத்தியில மயிர் தொடங்கிற இடத்தில இருந்து நாடி மட்டும் ஒரு தாளம், அதைப் பன்னிரண்டாப் பிரிச்சா ஒரு பங்கு ஒரு அங்குலம். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், முழு உசரம் 124 அங்குலம். இந்த அங்குலம் கடைக்காரன்ர அங்குலம் இல்ல, உருவத்தோட கூடிக் குறையும். உள்ளங்கையில அடங்கிற விக்கிரகத்துக்கும் 124, ஆள் உசர விக்கிரகத்துக்கும் 124. அதாலதான் சின்ன விக்கிரகத்தைப் படம் பிடிச்சுப் பெருப்பிச்சாலும் பெரிய சாமி போல நிக்கும். நல்ல பொம்மைக்கும் இதுதான் சோதனை. பக்கத்தில தீப்பெட்டி வைக்காமப் படம் எடுத்தா, அது ஆறு அங்குலமா ஆறடியா எண்டு சொல்ல ஏலாம இருக்க வேணும்.

உங்கட ஆள் பன்னிரண்டில ஒரு பங்கு. ஆறடி மனுசன் ஆறு அங்குலம், அடிக்கு ஒரு அங்குலம், கணக்குக் கொப்பி தேவையில்ல. இப்ப தலைக்கவசத்தைப் பாருங்க. உள்ள ஒரு தலை இரிக்கு எண்டு நினைச்சுக்கொண்டு பாருங்க. தலை முக்கால் அங்குலம், அதுக்கு மேல கவசத்தின்ர மொத்தம், காத்துப் போக இடம், அப்ப கவசம் தலையை விடப் பெரிசாத்தான் இருக்க வேணும். வடிவாத் தெரியட்டும் எண்டு சில கம்பனிகள் கவசத்தை ஒடுக்கி விடும். அதுக்குள்ள தலை போக ஏலா. உள்ள இருக்கிறவன் கொலைகாரனோ கூலிப்படையோ, முதல்ல அவனுக்கு மூளை வைக்க இடம் வேணும் எல்லோ?

இந்த அளவுக்கும் ஒரு கதை இரிக்கு. 1964இல ஹாஸ்ப்ரோ கம்பனி விட்ட ஜி.ஐ. ஜோ பொம்மை ஒரு அடி உசரம். 1978இல கென்னர் கம்பனி ஸ்டார் வோர்ஸ் ஆக்களை விடக்குள்ள மூணே முக்கால் அங்குலமாக் குறைச்சுப் போட்டுது. ஒரு அடி ஆளை ஏத்த விண்கலம் செஞ்சா அதை நிப்பாட்ட ஒரு வளவு வேணும். ஆளைச் சின்னதாக்கினாங்க, கப்பலையும் சேத்து வித்தாங்க. அதுக்கு முந்தின வருசம் இன்னும் பெரிய கெட்டித்தனம். 1977 நத்தாருக்குப் பொம்மை செஞ்சு முடிக்க ஏலாமப் போச்சு. அதுக்காகக் கடையை மூடினாங்களா? ஒரு மட்டை, கொஞ்ச ஒட்டுப்படம், "பொம்மை பிறகு தபால்ல வரும்" எண்டு ஒரு சீட்டு, இதை உறைக்குள்ள போட்டு வித்தாங்க. சனமும் வாங்கிச்சு. பெட்டியை உடைக்காத உங்கட பரம்பரை அண்டைக்கே தொடங்கிட்டு.

நுணுக்கம் எண்டு சொல்லிச் சொல்லி நீங்க மயங்கிற இடத்துக்கு இப்ப வாறன். மாமா சொல்லுறதை இதில கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. உண்மையான சட்டையில தையல் பள்ளம் ஒரு மில்லிமீட்டர் எண்டு வைங்க. அதைப் பன்னிரண்டால வகுத்தா ஒரு தலைமயிர் மொத்தம்தான் மிஞ்சும். அதுக்கு மேல ஒரு பூச்சு பெயின்ட் விழுந்தாப் பள்ளம் மூடிப்போகும். அளவு பிசகாமச் செஞ்சவனுக்குக் கடைசியில ஒண்டும் தெரியாது. அதால நல்ல சிற்பி பொய் சொல்லுறான். தையலைக் கூட ஆழமா வெட்டுறான். மடிப்பைக் கூடத் தூக்கி விடுறான். அந்தப் பள்ளத்தில நிழல் விழும், நிழல் விழுந்தாத்தான் கண் அதைத் தையல் எண்டு நம்பும். அளவில பொய், பார்வையில மெய்.

வடமோடிக் கூத்துக்காரனுக்கு இது பிறவி ஞானம். கரப்புடுப்பை வளையம் வளையமா விரிச்சுக் கட்டி, கண்ணாடித் துண்டு பதிச்சு, மினுங்கிறதெல்லாம் ஒட்டி, பந்த வெளிச்சத்தில, பிறகு பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில அரசனா வருவான். விடிஞ்சதும் கிட்டப் போய்ப் பாத்தா பசையும் கடதாசியும். ஆனா களரியில அவன் அரசன்தான். அவனுக்குப் பாக்கிறவன் முப்பது முழம் தள்ளி இரிக்கான், உங்கட பொம்மைக்கு ஒரு முழம் தள்ளி. அந்தந்தத் தூரத்துக்கு எந்தக் கோடு வேணும், எந்தக் கோடு வேணாம் எண்டு தெரிஞ்சவன் சிற்பி. கோடு எத்தினை எண்டு எண்ணிக்கொண்டிருக்கிறவன் கணக்கப்பிள்ளை. நீங்க இப்ப கணக்கப்பிள்ளை, மருமகன். சம்பளமும் இல்லாத கணக்கப்பிள்ளை.

பழசான அடையாளத்தையும் இப்பிடித்தான் பாக்க வேணும். றால்ஃப் மக்வாரியும் ஜோ ஜோன்ஸ்டனும்தான் போபா பெட்டைக் கற்பனை செஞ்சவங்க. கவசத்தில ஒரு நசுக்கல், உடம்பெல்லாம் நிறம் உரிஞ்ச இடம். அந்த நசுக்கல் மெய்யாப் பள்ளமா இரிக்கா, நிறத்தால போட்ட கள்ளக் கோடா? பள்ளமெண்டா அதின்ர விளிம்பு மழுங்கி இருக்க வேணும், அடிபட்ட தகரம் அப்பிடித்தான். நிறமும் கண்ட இடத்தில உரியாது. துவக்கு உரசுற இடத்தில உரியும், பட்டி உரசுற இடத்தில உரியும், முழங்கால் ஊண்டுற இடத்தில உரியும். அக்குளுக்குள்ள உரிஞ்சு கிடந்தா, அவன் அக்குளாலயா சண்டை பிடிச்சவன்? ரெண்டு தோளிலயும் ஒரே இடத்தில ஒரே கீறல் இருந்தா, அது யுத்தத்தில வந்த கீறல் இல்ல, ஒரு அச்சை ரெண்டு தரம் போட்டுக் காசு மிச்சம் பிடிச்ச கீறல்.

மூட்டுக்கு வந்தா கம்பனிக்காரனுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்ட வேணும். 1978 ஆளுக்கு மூட்டு அஞ்சு: கழுத்து, ரெண்டு தோள், ரெண்டு தொடை. இரு எண்டா ரெண்டு காலையும் நீட்டிக்கொண்டு இருப்பான். இண்டைக்கு இருவதுக்கு மேல. ஒவ்வொரு மூட்டும் சிற்பத்தில ஒரு வெட்டு. கெட்டிக்காரன் அந்த வெட்டை மடிப்புக்குள்ள, பட்டிக்குக் கீழ, கவசத்தின்ர ஓரத்தில ஒளிப்பான். அச்சிலயும் அவனுக்குக் கரைச்சல். இரும்பு அச்சு ரெண்டு பாதி, பிளாஸ்டிக் இறுகினதும் விலகும். உள்ளுக்கு வளைஞ்ச மடிப்பு இருந்தா அதில மாட்டிக்கொள்ளும். சுவாமிமலையில மெழுகில உருவம் பிடிச்சு, மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கிட்டு உலோகம் ஊத்துறவங்களுக்கு இது இல்ல. மண்ணை உடைச்சு எடுத்திடுவாங்க, ஒரு அச்சுக்கு ஒரு சாமி. கம்பனிக்கு ஒரு அச்சில ஆயிரமாயிரம் ஆள் வேணும். அதால பக்கவாட்டில ஒரு பொருத்துக் கோடு இருக்கும், அதை மன்னிக்கலாம். அந்தக் கோடு கன்னத்தைக் கிழிச்சுக்கொண்டு போனா மன்னிக்கப்படாது.

துணிப் போர்வை போட்டா உசத்தி எண்டு ஆரோ உங்களுக்குச் சொல்லியிரிக்காங்க. மருதமுனைத் தறியில நெய்ததில மெல்லிசாப் பாத்து ஒரு துண்டு வெட்டிப் போத்திப் பாருங்க. நமக்குத்தான் அது மெல்லிசு, அவனுக்குப் பன்னிரண்டு மடங்கு மொத்தம். தோளில விழாது, விறைச்சுக்கொண்டு நிக்கும். இந்த உசரத்துக்குச் செதுக்கின போர்வைதான் நல்லம். ஒரு அடி ஆளெண்டா துணி கொஞ்சம் படியும், அதுக்கும் ஓரத்தில கம்பி வைச்சுத்தான் படிய வைப்பாங்க.

முகமுள்ள ஆளை எப்பவாவது வாங்கினீங்க எண்டா மட்டும் கண்ணைப் பாருங்க. ஆறு அங்குல ஆளுக்குக் கண் அகலம் ரெண்டரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் தள்ளிக் கறுப்பு விழுந்தா, நம்மட முகத்தில ஆறு மில்லிமீட்டர் தள்ளின கணக்கு. வீரன் ஒரு பக்கம் பாப்பான், அவன்ர கண் வேற கடைக்குப் போகும். நம்மட கோயில்ல கண் திறக்கிறதைக் கடைசிக்கு வைச்சது சும்மா இல்ல. சிங்கள ஆக்கள்ர விகாரையிலயும் புத்தர் சிலைக்குக் கண் வைக்கிறவன் நேர பாக்காமக் கண்ணாடியில பாத்துத்தான் வைப்பான். அந்தச் சடங்கைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இல வந்த தன்ர புத்தகத்தில எழுதி வைச்சிரிக்கார். கம்பனிக்காரனுக்குச் சடங்கு இல்ல, இயந்திரம் இரிக்கு. இப்ப நடிகன்ர முகத்தைப் புள்ளி புள்ளியா அச்சடிச்சு விடுறாங்க, முந்தினதை விட எவ்வளவோ நல்லம். கவசம் போட்ட ஆளுக்கு அந்தச் செலவும் இல்ல. கம்பனிக்குப் பிடிச்ச வீரன் ஆரெண்டு இப்ப விளங்குதா?

விலையைச் சொல்லி மாமாவை வெருட்டாதீங்க. 1979இல இதே போபா பெட்டை முதுகில இருந்து ரொக்கட் பாயிற மாதிரிச் செய்யப் பாத்தாங்க. அந்த நேரம் வேறொரு கம்பனியின்ர விண்கலப் பொம்மையில இருந்து பாஞ்ச துண்டு தொண்டைக்குள்ள போய் ஒரு புள்ள செத்துப்போச்சு. அதில பகிடி இல்ல. கென்னர் ரொக்கட்டை அசையாம ஒட்டித்தான் ஆக்களுக்கு அனுப்பிச்சு. கடைக்கே வராத அந்த மாதிரிப் பொம்மையில ஒண்டு 2024இல 525,000 டொலருக்கு ஏலம் போச்சு. அதின்ர சிற்பம் உசத்தியா? மூணே முக்கால் அங்குலம், மூட்டு அஞ்சு, முழங்கால் மடியாது. நீங்க பாத்து வைச்சிருக்கிற 25 டொலர் ஆள் செதுக்கலில அதை அடிச்சு வெளுப்பான். விலை அரிதுக்கு, சிற்பத்துக்கு இல்ல. ரெண்டையும் ஒரு தராசில போடுறவனைத்தான் விக்கிறவன் தேடிக்கொண்டு திரியிறான்.

பழைய சாமான் ஆசை வந்தா ஒரு தந்திரம் சொல்லுறன். பழைய கென்னர் துவக்குகளில கனக்கத் தண்ணியில மிதக்கும், பிறகு செஞ்ச கள்ளச் சாமான் அநேகமாத் தாழும் எண்டு சேக்கிற ஆக்கள் பாப்பாங்க. அதுக்காக ஆத்தில போட்டுப் பாக்காதீங்க, மிதந்தாலும் உங்களுக்குத் திரும்ப வராது. ஒரு கோப்பைத் தண்ணி போதும். மிதக்கிற கள்ளனும் இப்ப வந்திட்டான், அதையும் மறக்காதீங்க.

வாங்கின பிறகு நம்மட ஊரில இன்னொரு வில்லங்கம் இரிக்கு. மெத்தெண்ட பிளாஸ்டிக்குக்குள்ள அதை மெத்தெண்டு வைச்சிருக்க ஒரு எண்ணெய்ச் சரக்கு சேப்பாங்க. சூட்டில அது மேல ஊறி வந்து பிசுபிசுக்கும், மூடின பெட்டிக்குள்ள இன்னும் கூட. வெள்ளை நிற ஆளை யன்னல் வெயில்ல வைச்சா மஞ்சளாவான். உள்ள இரும்பு ஆணி இருந்தா அதைக் கடல் காத்து துருப்பிடிக்க வைக்கும். வளைஞ்ச துவக்கைச் சுடுதண்ணியில முக்கி நேராக்கிட்டுப் பச்சைத் தண்ணியில போட்டா நிமிர்ந்து நிக்கும். அலுமாரியில, நிழல்ல, பெட்டிக்கு வெளிய வையுங்க.

இப்ப தீர்ப்பு. தலைக்கவசம் நல்லம், நசுக்கல் மெய்ப் பள்ளம் போலத்தான் தெரியுது, தோள் ரெண்டும் வேற வேற கீறல். இடுப்புக்குக் கீழ எனக்கு ஒண்டும் தெரியாது, ஏனெண்டா நீங்க காட்டின ஒரு படத்திலயும் முதுகும் இல்ல, காலும் இல்ல. விக்கிறவனுக்கு எழுதுங்க, முதுகையும் உள்ளங்காலையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி. அனுப்பினா வாங்குங்க. சாட்டுச் சொன்னா விடுங்க.